வங்கியை விட்டு இணையத்துக்குப் போனவர்கள்

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைத் தெரிவு செய்த எங்களுக்கு உறவினர்கள் ஓர் எதிர்காலத்தை ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறார்கள். "வங்கிக்குப் போகலாம், இல்லாட்டிக் கணக்காளராகலாம்" என்பார்கள். இணையத்தளம், மென்பொருள் என்று வாயெடுத்தால் "அது கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்குரியதல்லவா?" என்ற கேள்வி வரும். கணக்கீடு, பொருளியல் ஆகியவற்றோடு மூன்றாவது பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை நான் எடுத்தபோது எங்கள் வீட்டிலும் அக்கேள்வி எழுந்தது. வாப்பா மறுக்கவில்லை. "கணக்கும் கொம்பியூட்டரும் எந்த இடத்தில போய்ச் சேருது எண்டு மட்டும் சொல்லுங்க மகள்" என்றார். அந்த இடத்தைத் தேடி வாசித்தபோது கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இணையம் புதிதாக இருந்த 1990களில் நிதித்துறையில் நல்ல பதவியிலிருந்த சிலர் அதை விட்டுவிட்டு இணையத்தளம் கட்டப் போனார்கள். அவர்கள் கணக்கை மறந்துவிட்டுக் கணினிக்குள் புகுந்தார்கள் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நடந்தது அதுவல்ல என்பது என் எண்ணம். அவர்கள் கணக்கைக் கையோடு கொண்டுபோனார்கள்.

முதலில் அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வயதினருக்கு இணையம் இல்லாத உலகமே தெரியாது. டிம் பேர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் 1989இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபோது உலகளாவிய வலையை முன்மொழிந்தார். அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் அறிவித்தது. அதே ஆண்டு மொசைக் என்னும் உலாவி வந்தது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் தெரிய, ஆய்வாளர்களின் கருவியாக இருந்த ஒன்று சாதாரண மக்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அன்றைய இணையப் பக்கம் எச்.டி.எம்.எல். என்ற குறிமொழியில் எழுதப்பட்ட ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. தலைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தச் சொல்லை அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கும், படம் எங்கே வர வேண்டும் என்பவற்றைக் கோண அடைப்புக்குள் எழுதப்படும் சிறு குறிகள் சொல்லும். பிறர் செய்த பக்கத்தின் குறிகளை உலாவியிலேயே திறந்து பார்க்கவும் முடிந்தது. கெட்டிக்காரத் தோழியின் கொப்பியைப் பார்த்துப் பழகுவதைப் போலத்தான் உலகம் முழுவதும் பலர் இதைக் கற்றார்கள். "இணையத்தளம் அமைப்பவர்" என்று பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே வங்கியாளர், பொறியியலாளர், ஆசிரியர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரியில் நின்றே தொடங்கினார்கள்.

பொருள் விற்கும் தளம் மட்டும் இதைவிடக் கடினமானது. பொருட்களின் பட்டியலையும் விலையையும் ஓடர்களையும் சேமித்து வைக்கத் தரவுத்தளம் வேண்டும். பணம் வாங்கப் பாதுகாப்பான வழியும் வேண்டும். அங்குதான் கணக்குத் தெரிந்தவர்களின் வேலை தொடங்கியது.

இவர்களுள் என்னை மிகவும் கவர்ந்தவர் ஜப்பானின் ஹிரோஷி மிகிதானி. 1965இல் கோபே நகரில் பிறந்தவர். தந்தை பொருளியல் பேராசிரியர். மிகிதானி 1988இல் ஹிதோட்சுபாஷி பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பீடத்தில் பட்டம் பெற்றார். அதாவது அவரும் நம்மைப் போல வர்த்தகப் பிரிவுக்காரரே! அவ்வாண்டே ஜப்பான் கைத்தொழில் வங்கியில் சேர்ந்தார். ஜப்பானின் மிகப் பெருமைக்குரிய வங்கிகளில் அதுவும் ஒன்று. வங்கியே அவரை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. 1993இல் அங்கு முதுமாணிப் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

அக்கால ஜப்பானில் பெரிய நிறுவனமொன்றில் சேர்ந்தால் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருப்பதுதான் வழக்கம். இடையில் விட்டுப் போகிறவரை ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். நம்மவர்கள் அரச உத்தியோகத்தைப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்குக் கோபேயைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 6,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகிதானியின் மாமாவும் மாமியும் அவர்களுள் இருந்தனர். வாழ்நாள் அளவானது, செய்ய நினைப்பதைப் பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட முடியாது என்று அப்போதுதான் உணர்ந்ததாக அவர் பின்னர் பலமுறை கூறியிருக்கிறார். அந்த ஆண்டிலேயே வங்கியிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு 30 வயது.

விலகியவர் உடனே இணையத்தில் குதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் ஆலோசனை வழங்கும் சிறு நிறுவனமொன்றை நடத்தினார். அதற்கிடையில் பல தொழில் யோசனைகளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாண் பேக்கரிக் கடைத்தொடர் அவற்றுள் ஒன்று, இணையச் சந்தை இன்னொன்று. பேக்கரியையும் இணையத்தையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட்ட இந்தப் பழக்கம் வங்கியில் கற்றதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு தொழிலுக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்கிறவர் தன் சொந்தத் தொழிலையும் அதே கண்ணால் பார்த்தார்.

1997 பெப்ரவரியில் கம்பனியைத் தொடங்கினார். மே 1ஆம் திகதி ராகுட்டென் சந்தை இணையத்தில் திறந்தது. ராகுட்டென் என்ற ஜப்பானியச் சொல்லுக்கு நன்னம்பிக்கை என்று பொருள். நம்பிக்கை தேவையாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தவை 13 கடைகள், நடத்தியவர்கள் ஆறு பேர். தளத்துக்கான நிரலை எழுதியதில் முக்கிய பங்கு ஷின்னொசுகே ஹொன்ஜோ என்ற இளைஞருடையது. அவரும் கணினிப் பொறியியலாளர் அல்லர். புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டே எழுதினார்.

ராகுட்டெனுக்கு முன்னரே ஜப்பானில் பெரிய கம்பனிகள் இணையச் சந்தைகளைத் திறந்து தோற்றிருந்தன. காரணத்தைப் பார்த்தால் அது கணக்கில்தான் இருக்கிறது. அச்சந்தைகள் ஒரு கடைக்காரரிடம் மாதத்துக்குப் பல இலட்சம் யென் கேட்டன. அதற்கும் மேலாக, ஒரு பொருளின் விலையை மாற்ற வேண்டுமென்றாலும் சந்தை நடத்துபவரின் தொழினுட்பவியலாளரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீன் வியாபாரிக்குக் காலை விலை வேறு, மாலை விலை வேறு. அவர் எப்படிக் காத்திருப்பார்?

மிகிதானி இரண்டையும் மாற்றினார். வாடகையை மாதம் 50,000 யென் என்று குறைத்தார். கணினி தெரியாத கடைக்காரரும் தன் பக்கத்தைத் தானே எழுதி, விலையைத் தானே மாற்றக்கூடிய மென்பொருளையும் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். ஆறு மாத வாடகையை முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும்.

கணக்கீடு படிக்கும் தோழிகள் இந்த நிபந்தனையில் சற்று நிற்க வேண்டும். 50,000 யென் ஆறு மாதத்துக்கு 300,000 யென். 13 கடைகளும் அவ்வாறே செலுத்தின என்று வைத்துக்கொண்டால் முதல் நாளிலேயே 3,900,000 யென் காசு கையில் இருக்கும். ஆனால் அதை வருமானம் என்று எழுத முடியாது. சேவை இன்னும் வழங்கப்படவில்லை, ஆகவே அது முற்கூட்டிப் பெற்ற வருமானம், ஐந்தொகையில் பொறுப்பாகவே நிற்கும். மாதம் முடிய முடிய ஆறிலொரு பங்காக வருமானத்துக்கு மாறும். இலாபம் வருவதற்கு முன்னரே காசு வந்துவிடுகிறது. புதிதாகப் பிறக்கும் தொழில்கள் பெரும்பாலும் இலாபமில்லாமல் சாவதில்லை, காசில்லாமல்தான் சாகின்றன. வங்கியில் இருந்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

இதற்கு ஜப்பானுக்கே போக வேண்டியதில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் ஓடர் எடுக்கும் எங்கள் மாமி பாதிப் பணத்தை முதலிலேயே வாங்கிவிடுவார். அந்தக் காசில்தான் முட்டையும் கித்துள் கருப்பட்டியும் தேங்காயும் வாங்கப்படும். மாமி கணக்கீடு படித்தவர் அல்லர். ஆனால் தொழிற்படு மூலதனம் என்றால் என்னவென்று எங்கள் பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக அவரால் சொல்ல முடியும்.

முதல் மாதம் ராகுட்டெனில் நடந்த மொத்த விற்பனை 320,000 யென். அதிலும் பாதிக்கு மேற்பட்டதை மிகிதானியே வாங்கியிருந்தார். ஒரு கடைக்குப் பங்கிட்டால் 25,000 யென்கூட வராது, வாடகையோ 50,000 யென். இந்த இடத்தில் கடைக்காரர்கள் பக்கம் நின்று பார்த்தால் அவர்களுக்கு நட்டம்தான். முற்பணம் சந்தைக்கு நேரத்தை வாங்கிக் கொடுத்தது, அந்த நேரத்தின் விலையைக் கடைக்காரர்கள் செலுத்தினார்கள். இதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 2002இல் ராகுட்டென் விற்பனை அளவுக்கேற்பக் கட்டணம் அறவிடத் தொடங்கியபோது பல கடைக்காரர்கள் முணுமுணுத்ததற்கும் நியாயம் உண்டு.

இருந்தும் கடைகள் கூடின. அக்காலத்தில் இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் ஏறும். ஜப்பானின் தொலைபேசிக் கம்பனி 1995 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 8 மணிவரை ஒரே நிலையான கட்டணம் என்றொரு திட்டத்தை நடத்தியது. ஆகவே இரவு 11 மணி அடித்ததும் மக்கள் இணையத்துக்குள் வந்தார்கள். ஊர்க்கடை மூடியிருக்கும் அந்த நேரத்தில் இணையக் கடை மட்டும் திறந்திருந்தது.

அதே 1997இல் ஜப்பானின் வங்கித்துறைக்கு என்ன நேர்ந்தது என்பதை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நவம்பர் மாதத்தில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கி விழுந்தது. ஒரு வாரத்தில், 100 ஆண்டு வயதான யமாஇச்சி பிணையங்கள் நிறுவனமும் மூடுவதாக அறிவித்தது. 1998இல் இன்னும் இரு பெரிய வங்கிகளை அரசு பொறுப்பேற்க நேர்ந்தது. மிகிதானி விட்டு வந்த கைத்தொழில் வங்கி வேறு இரு வங்கிகளோடு இணைந்து மிசுஹோ என்ற பெயருக்குள் போயிற்று. 2002இல் அதன் பழைய பெயரே இல்லாமற் போனது. ராகுட்டென் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 2000 ஏப்ரலில், பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது. 1995இல் மிகிதானியின் உறவினர்கள் இரண்டில் எதைப் பாதுகாப்பானது என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஜெஃப் பெஸோஸின் கதை பலருக்கும் தெரிந்தது, ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலும் கணினி விஞ்ஞானமும் படித்துவிட்டு நிதித்துறைக்குப் போனவர். நியூயோர்க்கில் டி.ஈ. ஷோ என்ற முதலீட்டு நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தார். வலையின் பயன்பாடு ஓராண்டில் 2,300 சதவீதம் வளர்கிறது என்ற புள்ளிவிபரம் 1994இல் அவர் கண்ணில் பட்டது. இணையத்தில் விற்கக்கூடிய 20 பொருட்களைப் பட்டியலிட்டுப் புத்தகத்தைத் தெரிவு செய்தார். ஆண்டிறுதிக் கொடுப்பனவையும் கைவிட்டுச் சியாட்டில் பகுதிக்குப் போனார். 1995 ஜூலையில் அமேசன் தளம் திறந்தது. நிரலை எழுத ஷெல் காஃபன் உள்ளிட்ட கணினி வல்லுநர்களை அமர்த்திக்கொண்டார். அவருடைய கெட்டித்தனம் வேறிடத்தில் இருந்தது.

சாதாரணப் புத்தகக் கடை புத்தகத்தை வாங்கி, மாதக்கணக்கில் தட்டில் வைத்து, பிறகே விற்கிறது. பெரும்பாலும் விற்பதற்கு முன்னரே விநியோகத்தருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அமேசனில் வாடிக்கையாளர் முதலில் ஓடர் கொடுப்பார். அதன் பிறகே புத்தகம் விநியோகத்தரிடமிருந்து வரும். வாடிக்கையாளரின் கடனட்டைப் பணம் சில நாட்களில் வந்துவிடும், விநியோகத்தருக்குச் சில வாரங்கள் கழித்துக் கொடுத்தால் போதும். ஒரு புத்தகத்தின் கொள்விலை 700 ரூபாய் என்று வையுங்கள். அந்த 700 ரூபாய் சில வாரங்களுக்கு வட்டியில்லாமல் கையில் நிற்கிறது. மாதத்துக்கு ஆயிரம் புத்தகம் என்றால் ஏழு இலட்சம். விற்பனை கூடக் கூட இந்தத் தொகையும் கூடும். கடன்கொடுத்தோர் மீதி எப்படி ஒரு தொழிலைத் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இக்கதையில் இன்னொருவர் இருக்கிறார், அவரைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பெஸோஸின் அப்போதைய மனைவி மெக்கன்ஸி. அவர் ஆங்கில இலக்கியம் படித்தவர், அதே டி.ஈ. ஷோவில் வேலை செய்தவர். சியாட்டிலை நோக்கிய பயணத்தில் அவர் காரை ஓட்ட, பெஸோஸ் பக்கத்திலிருந்து வியாபாரத் திட்டத்தைத் தட்டச்சு செய்தார். கராஜில் தொடங்கிய அந்தக் கம்பனியின் கணக்குகளை முதலில் பார்த்தவர் மெக்கன்ஸிதான். இணையத்தின் ஆரம்பக் கதைகளில் பெண்களின் பெயர் குறைவு என்பார்கள். வேலை குறைவாக இருந்ததா, எழுதியது குறைவாக இருந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பெற்றோர்கள் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். வென்ற இருவரைச் சொல்லிவிட்டாய், தோற்றவர்கள் எங்கே? அவர்கள் அதிகம். இலண்டனில் பூ டொட் கொம் என்ற ஆடை விற்பனைத் தளம் 1999 நவம்பரில் திறந்தது. நிறுவியவர்களுள் ஒருவர் வங்கித்துறையிலிருந்து வந்தவர். பணத்துக்குக் குறைவே இருக்கவில்லை. உடையைச் சுழற்றிக் காட்டும் படங்களும் பேசும் பொம்மை உதவியாளரும் தளத்தில் இருந்தன. ஆனால் அன்றைய தொலைபேசி மோடத்தில் அந்தப் பக்கம் திறக்க மிகுந்த நேரம் எடுத்தது. வாடிக்கையாளர் காத்திருக்காமல் போய்விட்டார். 2000 மே மாதம் கம்பனி மூடப்பட்டபோது ஏறத்தாழ 135 மில்லியன் டொலர் கரைந்திருந்தது. அவ்வாண்டு மார்ச் 10இல் 5,048 புள்ளிகளில் நின்ற அமெரிக்காவின் நாஸ்டாக் சுட்டெண் 2002 ஒக்டோபரில் 1,114க்கு இறங்கியது. அமேசனின் பங்கு விலையும் 2001இல் 6 டொலருக்குக் கீழே போயிருந்தது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பெஸோஸின் பெற்றோர் 245,573 டொலரை முதலீடு செய்தார்கள். அது திரும்பி வராமல் போக 70 சதவீத வாய்ப்பு உண்டு என்று அவரே அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டார். மிகிதானிக்கு ஹார்வர்ட் பட்டமும் வங்கித் தொடர்புகளும் இருந்தன. தோற்றாலும் திரும்பிப் போக அவர்களுக்கு இடமிருந்தது. நம்மில் பெரும்பாலானோரின் வீடுகளில் அப்படியான மெத்தை கீழே விரிக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே "துணிந்து குதி" என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

ஆனால் கற்பதற்கு அந்த மெத்தை தேவையில்லை. வர்த்தகப் பிரிவில் இரண்டு பாடங்களோடு தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை மூன்றாவது பாடமாக எடுக்கலாம் என்பது சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு முடிவெடுக்கும் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. எந்தக் கணினியிலும் இருக்கும் நோட்பேடும் ஓர் உலாவியும் போதும், முதல் பக்கத்தை எழுதிப் பார்க்கலாம். பிறருடைய பக்கத்தின் மூலக் குறிகளைத் திறந்து பார்க்கும் வழி இன்றும் உலாவிகளில் இருக்கிறது. இன்றைய பெரிய தளங்களின் குறிகள் தலை சுற்ற வைக்கும். சிறிய தளங்களில் தொடங்குவது நல்லது.

மாமியின் வட்டிலப்ப ஓடர்களுக்காக நானும் ஒரு பக்கம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்கு அதில் மூன்று படங்களும் ஒரு விலைப்பட்டியலும் பாதிப் பணம் முதலில் தர வேண்டும் என்ற ஒரு வரியும் இருக்கின்றன. அந்த வரியை எல்லாவற்றுக்கும் மேலே போடச் சொன்னவர் மாமிதான்.